நீல மீனும் அவள் அடுக்கிய கல்லும்

மண்டபத்தூரில் மீன் என்றால் குழம்புக்குத்தான். என் மனைவி மட்டும் பார்ப்பதற்கு மீன் வாங்கினாள். ரெண்டடிக் கண்ணாடித் தொட்டி. நீலமும் மஞ்சளுமாக ஆப்பிரிக்க மீன்கள். கடையில் சிக்லிட் என்று பெயர் சொன்னார்கள். எங்கள் அடிபம்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. அந்தத் தண்ணீரில் இந்த மீன்கள் நன்றாக இருந்தன.

அவற்றுக்குக் கல் வேண்டும். புகுந்துகொள்ளப் பொந்து இல்லாவிட்டால் ஒன்றையொன்று கடித்துக் கொல்லும். எங்கள் ஊரில் கல் ஏது? உடைந்த அம்மி ஒன்று கொல்லையில் கிடந்தது. சம்மட்டியால் பிளந்து கொடுத்தேன். அவள் வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, முழங்கை வரை கையை விட்டு அடுக்கினாள். ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நின்றது. சிமெண்டு கிடையாது.

"விழுந்துடாதா?" என்றேன்.

"நீங்க கைய வைக்காம இருந்தா விழாது," என்றாள்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். பிணமாக வந்தாள்.

எங்கள் பக்கம் பிணத்தை எடுத்ததும் பெண்கள் வீட்டைக் கழுவுவார்கள். வீட்டில் பிடித்து வைத்த தண்ணீரையெல்லாம் கொட்டிவிடுவார்கள். குடம், அண்டா, வாளி எல்லாம். என் அக்கா தொட்டித் தண்ணீரையும் மொண்டு கொட்டிவிட்டாள். நான் சுடுகாட்டிலிருந்து வந்தபோது மீன்கள் மணலில் ஒட்டிக் கிடந்தன.

"என்னக்கா இது?"

"தீட்டுத் தண்ணி தம்பி. கொடத்துல இருந்தா என்ன, கண்ணாடியில இருந்தா என்ன?"

"மீனு இருந்துச்சேக்கா."

அக்கா தொட்டியைப் பார்த்தாள். காலையிலிருந்து ஒப்பாரி வைத்தவள், அப்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

கல்லின் அடிக்குழியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் ஒரு நீல மீன் சாய்ந்து கிடந்து வாயைத் திறந்து மூடியது. பம்பு அடித்துத் தண்ணீர் ஊற்றினேன். பிழைத்தது.

அதற்குப் பிறகுதான் தொந்தரவு. அந்த மீன் கண்ணாடியோரம் வந்து, அடுப்படி வாசலைப் பார்த்து நிற்கும். அவள் அங்கிருந்துதான் தீனியோடு வருவாள். நான் தீனி போட்டால் உடனே தின்னாது. நான் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து, அது பார்க்கிற இடத்தைப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. மறுபடி மீனைப் பார்ப்பேன். அது இன்னும் பார்த்துக்கொண்டிருக்கும். சில நாள் வாலை வேகமாக அடிக்கும். ஆள் வந்தால் அடிக்கிற மாதிரி.

ஐஸ் கம்பெனியில் வேலை முடிந்தாலும் வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. இப்படியே விட்டால் அந்த வீட்டில் நான் இருக்க முடியாது. துணைக்கு மீன் விட்டால் அது வாசலைப் பார்ப்பதை விடும் என்று நினைத்தேன். காரைக்காலில் மீன் கடைக்குப் போனேன்.

"தொட்டி எத்தன அடிங்க?" கடைக்காரர் கேட்டார்.

"ரெண்டு."

"உள்ள என்ன கெடக்கு?"

"நீலம். கறுப்புப் பட்ட போட்டது. ஒண்ணுதான்."

அவர் சிரித்தார். "அது ரெண்டடிக்கு ஆவற சாதியே இல்லைங்க. இப்ப தொட்டி மொத்தத்துக்கும் அது பட்டா வாங்கியிருக்கும். எத விட்டாலும் அடிச்சிப்புடும். யாரு இத எடுத்தது?"

"ஊட்ல."

"அவங்கள ஒரு நா கூட்டியாங்க, நான் சொல்றேன்."

"சரிங்க," என்றேன்.

சின்னத் தொட்டிக்கு ஏற்றது என்று வேறொன்றைக் காட்டினார். அதுவும் ஆப்பிரிக்க மீன்தான். சுண்டுவிரல் நீளம். காலி நத்தைக் கூட்டுக்குள் குடியிருக்கும். மணலும் கூடும் இருந்தால் போதும். எங்கள் தண்ணீர் அதற்கும் சேரும்.

"நீலத்த இங்க கொண்டாங்க. என் நாலடித் தொட்டியில விட்டுக்குறேன். நீங்க இத எடுத்துக்கங்க. ஆனா கல்லப் பூரா வெளிய எடுக்காம அத புடிக்க முடியாதுங்க."

பூவம் பக்கம் வாய்க்காலில் நத்தைக் கூடு பொறுக்கி வந்தேன். கழுவிக் காயவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை தொட்டி முன்னால் உட்கார்ந்து தண்ணீரை மொள்ள ஆரம்பித்தேன். சொம்பு தண்ணீரில் பட்டதும் மீன் கல்லின் அடிக்குழிக்கு ஓடியது. அன்று பிழைத்த அதே குழி. அங்கே போய்ச் சாய்ந்து படுத்துக்கொண்டது.

பாதித் தண்ணீர் இறங்கியதும் மேல் கல்லில் கை வைத்தேன். பாசி வழுக்கியது. கல் லேசாக அசைந்தது.

நீங்க கைய வைக்காம இருந்தா விழாது.

எனக்குப் பின்னால் கேட்ட மாதிரி இருந்தது. திரும்பவில்லை. கையை மெல்ல எடுத்தேன். கல் நின்றது.

மொண்ட தண்ணீரை வாளியிலிருந்து திரும்ப ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் மீன் வெளியே வந்தது. வாசலைப் பார்த்து நின்றது. நான் நாற்காலியைத் தொட்டிக்குப் பக்கத்தில், அடுப்படி தெரிகிற மாதிரி போட்டுக்கொண்டேன். சோறு தின்பது இப்போது அங்கேதான்.

தீனி தீர்ந்ததும் கடைக்குப் போனேன்.

"நீலத்தக் கொண்டாரலியா?" என்றார் கடைக்காரர்.

"இல்லைங்க. ஊட்ல வேணாம்னுட்டாங்க."

"அவங்க சொன்னா சரிதான்," என்று தீனியைக் கட்டிக் கொடுத்தார்.