நாத்தனாருக்குச் சொல்லாத வீடு

திருவண்ணாமலையில் வீட்டு வாடகையை மலைதான் முடிவு செய்கிறது. மாடியில் நின்றால் மலை தெரியும் என்றால் ஒரு ரேட்டு, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைத்தால் ஒரு ரேட்டு.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் வாடகைக்கு இருந்தோம். வெளிநாட்டுக்காரர்களுக்கு ரூம் ரூமாக விட்டால் ஜாஸ்தி வரும் என்று ஓனர் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். நானும் என் வீட்டுக்காரரும் தெருத்தெருவாக அலைந்தோம். அடி அண்ணாமலை கிராமம்தானே, கம்மியாக இருக்கும் என்று போனால், அங்கே புரோக்கர் முதலில் ஜன்னலைத் திறந்தார். "பாருங்கம்மா, எழுந்ததும் மலை தரிசனம்" என்று சொல்லிவிட்டுத்தான் வாடகையைச் சொன்னார். பிறந்ததிலிருந்து சும்மா பார்த்த மலைக்குக் காசா என்று எரிச்சலாக வந்தது. கடைசியில், மலையை விட்டுத் தள்ளி, பஸ் பிடித்துப் போக வேண்டிய கீழ்பென்னாத்தூரில் கிடைத்தது. வாடகை பாதிதான், நல்ல தண்ணீர், காற்றோட்டமான வீடு. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அங்கே குடிபோனதை வெளியில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

முக்கியமாக நாத்தனாரிடம். என் வீட்டுக்காரரின் அக்கா, ஆரணியில் இருக்கிறார். அப்பா அம்மா போன பிறகு அவருக்குத் தாய்வீடு என்றால் எங்கள் வீடுதான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வந்து, செருப்பையும் பையையும் எங்களிடம் வைத்துவிட்டு கிரிவலம் போவார். திரும்பி வந்ததும் என் கையால் ரசம் சாதம். "என் தம்பி வூடு மலைகிட்டயே இருக்குது" என்று புகுந்த வீட்டில் அவர் பெருமையடித்ததை நானே கேட்டிருக்கிறேன். அவரிடம் எப்படிச் சொல்வது? "நீயே பக்குவமா சொல்லிடு" என்று தம்பிக்காரர் நழுவிவிட்டார்.

பௌர்ணமி வந்தது. நான் முந்திக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன்.

"வீட்ல பெயின்ட் அடிக்கிறாங்க அண்ணி, ஒரே நெடி. இப்படியே நடந்துடலாம்."

கொண்டுபோயிருந்த பையில் அவர் செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டேன். கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றிவிட்டு நடந்தோம். அவர் பேசிக்கொண்டே வந்தார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. பழைய சந்து நெருங்க நெருங்க நடையை எட்டிப் போட்டேன். அவருக்குச் சர்க்கரை. சரியாக அந்தச் சந்து முனையில் நின்றார்.

"பாத்ரூம் போவணும்."

"கொஞ்சம் தள்ளி பொதுக் கழிப்பறை இருக்குது அண்ணி."

"நம்ம வூடு இருக்கும்போது அங்க எதுக்கு? பாத்ரூம்லயுமா பெயின்ட் அடிக்கிறாங்க?"

சொல்லிக்கொண்டே சந்துக்குள் திரும்பிவிட்டார். பின்னாலேயே ஓடினேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

கேட்டருகே ஓனரம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பௌர்ணமி அன்று பாத்ரூமுக்கு ஆளுக்குப் பத்து ரூபாய். அப்படி வாங்கிய பக்கத்து வீட்டுக்காரர்களை இதே வாசலில் நின்று நான் கிண்டல் செய்திருக்கிறேன். என்னைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்தது.

"வாம்மா. கீழ்பென்னாத்தூர் வூடு வசதியா இருக்குதா? இவங்க மட்டும் குடுக்கட்டும். நீ குடியிருந்த வூடு, உங்கிட்ட போயி காசு வாங்குவனா?"

அண்ணி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பர்ஸைத் திறந்து பத்து ரூபாயைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அவர் செருப்புப் பையைப் பிடித்துக்கொண்டு நான் வாசலில் நின்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

வெளியே வந்தவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அடி அண்ணாமலை தாண்டினோம். பிறகு கேட்டார்.

"அங்க தண்ணி வருதா?"

"நல்லா வருது அண்ணி."

"வாடகை?"

சொன்னேன்.

"கம்மிதான். நல்ல வேலதான் செஞ்சீங்க."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"இனிமே அங்கயே வந்துடறேன். எங்க வூட்ல மட்டும் யாருக்கும் சொல்லிடாத. தம்பி வூடு மலைகிட்டயே இருக்குதுனே இருக்கட்டும்."

பக்கத்தில் நடப்பவர்கள் காதில் விழாதபடி, குரலைத் தணித்துச் சொன்னார். எனக்கு இருந்த வெட்கம் போதாதென்று அவருக்கும் ஒரு பங்கு கொடுத்துவிட்டேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

சுற்றி முடித்துப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். இப்போதே வீட்டைப் பார்க்க வருகிறேன் என்றார். கீழ்பென்னாத்தூர் பஸ் எது என்று கண்டக்டரிடம் அவர்தான் விசாரித்தார். அதே தணிந்த குரலில்.