பத்து நிமிட நாற்காலி

மார்ச் 4. இங்கே, சட்டை ஒன்றுக்கு: 2.25
மார்ச் 4. அங்கே, மணி ஒன்றுக்கு: 9.00 (நம் காசில் 180.00)
மார்ச் 21. முடிவெட்டுக் கூலி, அங்கே: 15.00
மார்ச் 21. முடிவெட்டுக் கூலி, இங்கே: 45.00
ஏப்ரல் 2. அங்கே ஆறு பேர் அறையில் ஒருவர் பங்கு, மாதம்: 420.00
ஏப்ரல் 28. இங்கே, சட்டை ஒன்றுக்கு: 2.75

முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையே ஐம்பது காசு வித்தியாசம். அந்த ஐம்பது காசைப் போராடி வாங்கிக் கொடுத்தவர் என்று சலவைக்கடையில் இன்றும் நீராவியைத்தான் சொல்கிறார்கள். அவர் போராடவில்லை. கேட்கக்கூட இல்லை.

நீராவி என்பது கடையில் வைத்த பெயர். விடுதிகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் அந்தக் கடையில், சன்னலோரத் தேய்ப்பு மேசையில் இருபத்திரண்டு வருடம் நின்றவர் அவர். மேசையிலிருந்து எழும் ஆவியில் ஆளின் முகம் பாதி நேரம் தெரியாது. குரல் மட்டும் முழு நேரமும் கேட்கும். கைக்கும் வாய்க்கும் ஒரே மின்கம்பி என்பார்கள். ஒரு சட்டை மடிவதற்குள் ஒரு வீட்டுக் கதை முடிந்துவிடும். மணிக்குப் பதினாறு சட்டை, பதினாறு கதை. மாலையில் அத்தனையும் வீட்டுக்குப் போய் மனைவியிடம் இரண்டாம் முறை மடிக்கப்படும்.

மனைவியின் தம்பி மூன்று வருடத்துக்கு முன்பு கடல் தாண்டிப் போய் அங்கே ஒரு சலவைக்கூடத்தில் இதே தேய்ப்பு வேலையில் சேர்ந்திருந்தான். அவன் தொலைபேசியில் அழைத்தால் பேசுவது அக்கா மட்டும்தான். அத்தான் தொலைபேசியை வாங்குவதற்குள் பேச்சு தீர்ந்துவிடும். அதனால் அத்தானுக்கென்று தனியாகக் கடிதம் எழுதுவான். மார்ச் நான்காம் தேதி வந்த கடிதத்தில், தன் கூடத்தில் ஓர் இடம் காலியாக இருப்பதாகவும், ஏப்ரல் முப்பது வரை அதை மேற்பார்வையாளர் பிடித்துவைப்பார் என்றும் எழுதியிருந்தான். மணிக்கு ஒன்பது, மூன்று வருட ஒப்பந்தம். கூடவே ஒரு வரி: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் நாற்காலியில் உட்காரலாம், அது சட்டம்.

மனைவி ஒன்பதைப் பார்த்தாள். நீராவி நாற்காலியைப் பார்த்தார். அவருடைய வலது முழங்கால் இரண்டு வருடமாக மாலை நான்கு மணிக்கு மேல் சொன்ன பேச்சு கேட்பதில்லை. இன்னும் இரண்டு வருடம் இப்படியே நின்றால் அப்புறம் நிற்கவே முடியாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தேய்க்கிறவனுக்கு நிற்க முடியாவிட்டால் வேறு என்ன இருக்கிறது?

மனைவி அன்றே கணக்குப் போட்டுவிட்டாள்.

"மாசம் ஆயிரத்தெண்ணூத்தி எழுபத்திரண்டு. இருபதால பெருக்கினா முப்பத்தேழாயிரத்துக்கு மேல. வாடகை நானூத்தி இருபது போனா போகுது."

"வாடகையையும் இருபதால பெருக்கணும்டி."

"அது எதுக்கு? அங்க குடுக்கிற காசை அங்கயே குடுக்கிறோம். அதை ஏன் இங்க இழுத்துட்டு வர்றீங்க?"

வரவை மட்டும் கடல் தாண்டிக் கொண்டுவந்து, செலவை அங்கேயே விட்டுவிடும் இந்தக் கணக்கை அவரால் வெல்ல முடியவில்லை. நீராவிக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான்: சட்டை. அங்கே மணிக்கு இருபத்திநான்கு சட்டை தேய்க்க வேண்டும். முடிவெட்ட அங்கே நாற்பது சட்டை ஆகும், இங்கே இருபது. இதைச் சொன்னபோது மனைவி அவர் தலையை ஒரு முறை பார்த்தாள்.

"உங்களுக்கு அஞ்சு சட்டை போதும்."

ஆனால் அவருடைய பயம் காசைப் பற்றியது அல்ல. நாற்காலி நிஜம்தான், ஆனால் இருபத்திநான்கும் நிஜம். அந்த வேகத்துக்குக் கையும், அந்த ஓட்டத்துக்குக் காலும் ஈடுகொடுக்குமா? கடல் தாண்டிப் போய் முடியாமல் திரும்பினால் பழைய மேசையும் இருக்காது, மானமும் இருக்காது. துணியைப் போட்டுப் பார்க்காமல் சூடு சொல்லக் கூடாது என்பது அவர் தொழில் பழக்கம். எல்லா விதிகளையும் எழுதி அனுப்பச் சொன்னார். மைத்துனன் அனுப்பினான்: மணிக்கு இருபத்திநான்கு. வேலை நேரத்தில் பேச்சு கிடையாது. வெளியே போய்த் தேநீர் கிடையாது. இரண்டு மணிக்கொரு முறை பத்து நிமிட நாற்காலி. எட்டு மணி நேரம் முடிந்தால் தேய்ப்புப் பெட்டியை அணைத்துவிட வேண்டும்.

ஏப்ரல் இருபத்தொன்று, திங்கட்கிழமை. அந்த நாட்டுச் சட்டப்படி இந்த நாட்டுக் கடையில் ஆறு நாள் வேலை செய்து பார்ப்பது என்று முடிவு செய்து, சமையலறையிலிருந்த மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நீராவி வேலைக்குப் போனார். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. வேலை நேரத்தில் பேச்சு கிடையாதே.

எட்டரைக்கெல்லாம் கடைக்கு ஏதோ ஆகிவிட்டது போலிருந்தது. துவைக்கும் இயந்திரத்தின் சத்தம் இவ்வளவு பெரிது என்று அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. அறுந்த பொத்தான்களைத் தைக்கிற பொத்தான் அக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்ன நீராவி, வாயையும் சேர்த்துத் தேய்ச்சு மடிச்சுட்டியா?"

நீராவி அடுத்த சட்டையை விரித்தார்.

"வீட்ல சண்டையா? நீ தோத்துட்டியா? நீ என்னைக்கு ஜெயிச்ச, அதுக்கு இப்படி இருக்க?"

அவர் உதடு துடித்தது. கையிலிருந்த காலர் இரண்டு முறை தேய்பட்டது. பத்து மணிக்குப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். நாற்காலியை விரித்தார். கைகளைக் கட்டிக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி சரியாகப் பத்து நிமிடம் உட்கார்ந்தார். மாலை ஆறு மணி வரை நிற்கிறவர் நான்கு மணிக்கே பெட்டியை அணைத்துவிட்டு நாற்காலியோடு கிளம்பிப் போனார்.

ஒரு தேய்ப்பாளி வாய்மூடுவதற்கு முதலாளிக்குத் தெரிந்த காரணங்கள் இரண்டு. ஒன்று காய்ச்சல், இன்னொன்று வேலைநிறுத்தம். செவ்வாய்க்கிழமை மற்ற மூன்று மேசைக்காரர்களும் ஆளுக்கொரு முக்காலி கொண்டுவந்துவிட்டார்கள். எதற்கு என்று அவர்களுக்கும் தெரியாது. நீராவி செய்தால் காரணம் இருக்கும், பின்னால் கேட்டுக்கொள்ளலாம் என்று அவர்களும் வாய்மூடிக்கொண்டார்கள். பத்து மணிக்கு நான்கு பேரும் சேர்ந்து உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை ஒரு பெரிய விடுதிக்கு முந்நூறு சீருடை கொடுத்தாக வேண்டும். புதன்கிழமை, இருக்கை நேரம் பார்த்து முதலாளி வந்து நின்றார்.

"என்னப்பா, என்ன வேணும் உனக்கு?"

"ஒண்ணும் வேணாம் முதலாளி. சும்மா ஒரு வாரம் பார்க்கிறேன்."

முதலாளிக்கு வியர்த்துவிட்டது. உள்ளே போய்ப் பொத்தான் அக்காவிடம் சொன்னார்:

"கேக்கிறவனைச் சமாளிச்சுடலாம் அக்கா. ஒண்ணும் வேணாம்னு சொல்றவன்கிட்ட என்னத்தைக் குடுக்கிறது?"

"ஒரு வாரம் கெடு குடுத்திருக்கான்ல? அதுக்குள்ள பார்த்துக்குங்க."

வியாழக்கிழமை முதலாளி சட்டைக்கு இருபத்தைந்து காசு கூட்டித் தருவதாகச் சொன்னார்.

"பெரிய மனசு முதலாளி. ஆனா நான் சனிக்கிழமை வரைக்கும் இப்படித்தான் செய்யணும். நடுவுல விட்டா கணக்கு தப்பிடும்."

வெள்ளிக்கிழமை அது ஐம்பது காசானது. ஒவ்வொரு மேசைக்கும் சாய்மானம் வைத்த நாற்காலி ஒன்றும், இரண்டு மணிக்கொரு முறை பத்து நிமிடமும் சேர்ந்தன. நீராவி அன்றைக்குத்தான் முதன்முறையாக இருபத்திநான்கை எட்டியிருந்தார். அந்த மகிழ்ச்சியில் முதலாளி சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டலைத்தான் ஒப்பந்தம் என்று கடையில் சொல்கிறார்கள்.

சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்து மடக்கு நாற்காலியைச் சமையலறையில் வைத்துவிட்டு அதிலேயே உட்கார்ந்தார்.

"முடியும். கை ஈடுகுடுக்குது. முழங்காலும் பரவாயில்ல, நாலு மணிக்கு மேலயும் வலி இல்ல."

"அப்போ தம்பிக்குப் போன் போடவா?"

அவர் சுவரைப் பார்த்தார். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு எதிரே வந்து நின்றாள்.

"ஏங்க, அந்தப் பொத்தான் அக்கா மகளுக்கு வீடு பார்த்துட்டு இருந்தாங்களே, கிடைச்சுதா?"

"தெரியல."

"துவைக்கிறவரு மச்சினன் ஜாமீன் கையெழுத்து போட்டானே, அது என்ன ஆச்சு?"

"தெரியலடி. யார்கிட்டயும் பேசலயே."

"ஆறு நாளா வர்றீங்க, உட்கார்றீங்க, சுவத்தைப் பார்க்கிறீங்க. ஒரு வார்த்தை இல்ல. நானும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பூஜ்யத்தை இருபதால பெருக்கினாலும் பூஜ்யம்தாங்க. மூணு வருஷம் எனக்கு இது வேணாம்."

"அவ்வளவு காசு, விட்டுடலாமா?"

"வாடகையையும் பெருக்கிப் பார்த்துட்டேன்" என்றாள்.

திங்கட்கிழமை காலை எட்டே காலுக்கு நீராவி முதல் சட்டையை விரித்து, "அக்கா, மகளுக்கு வீடு கிடைச்சுதா?" என்று கேட்டார். கேட்டதும் இயந்திரத்தின் சத்தம் கேட்காமல் போயிற்று. எதற்காக அந்த ஆறு நாள் என்பதையும் அன்றே நாற்காலியில் இருந்தபடி சொல்லிவிட்டார். ஒருவரும் நம்பவில்லை. "எங்ககிட்டயே மறைக்கிறான் பாரு, தலைவன்னா இப்படித்தான் இருக்கணும்" என்றாள் பொத்தான் அக்கா. முதலாளியிடமும் சொன்னார். ஆறு நாள் ஒத்திகைக்கா ஐம்பது காசு கொடுத்தோம் என்று ஒத்துக்கொள்வதைவிட, போராட்டத்துக்குக் கொடுத்தோம் என்பதே முதலாளிக்குக் கௌரவமாக இருந்தது.

மறுநாள் மைத்துனனுக்கு எழுதினார். தான் வரவில்லை என்றும், இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றும், நடந்ததெல்லாம் ஒன்றுவிடாமலும் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். அந்த நாற்காலிக்குச் சாய்மானம் உண்டா, கை உண்டா?

பதில் இப்படி இருந்தது:

"அத்தான், நாற்காலிக்குச் சாய்மானம் இருக்கிறதா என்று நான் பார்த்ததே இல்லை. மூன்று வருடமாக அதில் மேற்பார்வையாளரின் கோட்டுதான் உட்கார்ந்திருக்கிறது. சட்டம் சுவரில் ஒட்டியிருக்கிறது, நாங்கள் மேசையில் ஒட்டியிருக்கிறோம். உங்களிடம் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. உங்கள் கடிதம் வந்த மறுநாள் பத்து மணிக்குக் கோட்டை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு நான் உட்கார்ந்தேன். அவர் வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். நீங்கள் சொன்னதையே சொன்னேன், ஒன்றும் வேண்டாம் என்று. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். இப்போது எட்டுப் பேரும் முறைபோட்டு உட்காருகிறோம். சாய்மானம் உண்டு அத்தான். கை இல்லை."

நீராவி அதை நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தார். பத்து நிமிடத்துக்கு மேல் நான்கு நிமிடம் ஆகிவிட்டது. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

மே 23. அங்கே, பத்து நிமிட நாற்காலி: எட்டுப் பேருக்கு ஒன்று