கற்பூரம் சுடாத விரல்கள்

எழுபதுகளில், மலேசியாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் கத்தி என் இடது மணிக்கட்டில் இறங்கி நரம்பைத் துண்டித்தது. தைத்துவிட்ட ஈப்போ டாக்டர் சொன்னார்: "நரம்புங்கறது நீளமான நாருங்கம்மா. அதோட செல்லு கழுத்துக்கிட்ட இருக்கு. நாரு அறுந்தாலும் செல்லு சாகல. மெதுவா வளரும்லா, பயப்படாதீங்க."

விரல்கள் மரத்துப்போன அந்தக் கையோடு பால் வெட்ட முடியவில்லை. ஈப்போவின் புந்தோங் பகுதியில் தனி அறை எடுத்து, கச்சாங் பூத்தே என்னும் வறுகடலை விற்கும் கடையில் பொட்டலம் கட்டினேன். வேலை முடிந்தால் பேச ஆளில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் கற்பூரத் தட்டு வந்தது. கண்ணை மூடிக் கைகளைக் காட்டினேன். இடது விரல்கள் சுடருக்குள்ளேயே நின்றது எனக்குத் தெரியவில்லை.

"ஆத்தா இறங்கிட்டா!" என்று ஒருத்தி காலில் விழுந்தாள்.

மறுத்திருக்கலாம். மறுத்தால் எழுந்து போய்விடுவார்களே! அதன்பிறகு என் அறைக்கு ஆட்கள் வந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து குறைகளைச் சொன்னார்கள். என் கொப்புளங்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். என் பெயரை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த ஆடி வெள்ளியில், எல்லோரும் பார்த்திருக்க, அதே சுடரில் விரல்களை வைத்தேன். சுட்டது. "அம்மா!" என்று அலறிக் கையை இழுத்துக்கொண்டேன்.

"ஆத்தா போயிட்டா லா," என்றாள் காலில் விழுந்தவள். கூட்டம் கலைந்தது.

அன்று அறைக்கு யாரும் வரவில்லை. காப்பி போட்டு, டம்ளரை இடது கையால் பிடித்தேன். நன்றாகவே சுட்டது. அந்த நார் தன்னந்தனியாக வளர்ந்து விரல்நுனிக்கு வந்து சேர்ந்திருந்தது. அதைச் சொல்லத்தான் எனக்கு ஆளில்லை.