நான்கு வீதி சுற்றிய கருவாடு

காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது சட்டைப்பையில் போன் ஒரு தரம் துள்ளியது. தொழில் உரிமம் புதுப்பிக்கப்பட்டதாம். அவ்வளவுதான். யாரும் வரவில்லை, எதையும் பார்க்கவில்லை. கடையைப் படம் எடுத்து முந்தாநாள் நான்தான் ஏற்றிவிட்டிருந்தேன். படத்தில் லட்சணமாகத்தான் இருந்தோம். சந்தோஷப்பட வேண்டிய விஷயம், எனக்கு ஏனோ சப்பென்று போய்விட்டது. உங்களிடம் சொன்னால் சிரிப்பீர்கள், அந்த நேரம் பார்த்து மூக்கில் பினாயில் வாசனை ஏறியது. கடையில் பினாயிலே இல்லை. அது பல வருஷத்துக்கு முந்தைய பினாயில்.

சிதம்பரம் கீழவீதியை ஒட்டிய இந்தச் சந்தில் நானும் ஜாபரும் கருவாட்டுக் கடை போடக் கிளம்பிய நாளின் பினாயில். ஜாபர் பரங்கிப்பேட்டைக்காரன், கல்லூரியில் என் பெஞ்சுக்காரன். நான் நெல் விளைகிற வீட்டுப் பிள்ளை. கருவாடு குழம்பில் கிடக்கும் என்கிற அளவுக்குத்தான் எனக்கு மீன் ஞானம். அவன்தான் ஒருநாள் கடலூர் துறைமுகத்துக்குக் கூட்டிப்போய், மணலில் காயும் நெத்திலியைக் காட்டினான். வெயில் பொடிப்பொடியாக உதிர்ந்து கிடந்த மாதிரி இருந்தது. கடலும் உப்பும் கலந்த அந்தக் காற்றை ஒரு இழுப்பு இழுத்தேன். அன்றைக்குக் கெட்டவன்தான்.

அவன் வீட்டில் ஆண்பிள்ளை என்றால் ஃப்ளைட் ஏறியாக வேண்டும். அவன் வாப்பா அவனுக்குக் குவைத்தில் ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார். மகன் கெஞ்சியதில் ஒரே ஒரு தவணை கொடுத்தார். இந்த மாசத்துக்குள் நகராட்சி லைசென்ஸ் வந்தால் கடை, வராவிட்டால் குவைத். மாசமோ தேய்ந்துகொண்டிருந்தது. மனுவில் எங்கள் தொழில் ‘அபாயகரமான, அருவருக்கத்தக்க தொழில்கள்’ என்ற தலைப்பின் கீழ் வந்தது. ஜாபர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுச் சொன்னான், “அபாயம் நான். அருவருப்பு நீ, மச்சான்.”

அவசரக் குடுக்கைகள் அல்லவா, லைசென்சுக்கு முன்னாலேயே சரக்கு எடுத்துவிட்டோம். வாளை, சுறா, நெத்திலி. அதற்குப் பிறகுதான் தெரிந்தது, சுகாதார ஆய்வாளர் நேரில் வந்து பார்த்து எழுதினால்தான் காரியம் நடக்கும் என்று. கோயில் ஊர், நெருக்கமான சந்து. வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டால்? யோசித்தோம். யோசித்ததுதான் தப்பு.

மூட்டைகளையெல்லாம் ஜாபருடைய அக்கா வீட்டுக்காரர் சலீமின் லோடு ஆட்டோவில் ஏற்றினோம். ஓரிடத்தில் நின்றால் மோப்பம் பிடித்து ஆள் கூடும், அதனால் நான்கு வீதியையும் சுற்றிக்கொண்டே இருங்கள், யார் கைகாட்டினாலும் நிற்காதீர்கள் என்று நான்தான் பாடம் சொன்னேன். சலீம் சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனுஷர். பிறகு கடையைப் பினாயில் விட்டுக் கழுவினோம். சாம்பிராணி போட்டோம். போதாதென்று ஜாபர் வீட்டிலிருந்து கொண்டுவந்த அத்தரைச் சுவரிலெல்லாம் தடவினான்.

ஆய்வாளர் சைக்கிளில் வந்தார். ஒடிசலான மனுஷர், காதோரம் நரை. உள்ளே வந்தார், நின்றார், மூச்சை இழுத்தார். மறுபடி வெளியே போய்க் கதவிலக்கத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

“ஏம்ப்பா, கருவாட்டுக் கடைன்னுதான எழுதியிருக்கு? இங்க என்னா, நிக்காஹ் எதனா நடக்குதா?”

சுத்தமாக வைத்திருக்கிறோம் சார் என்று நான் இழுத்தேன். அவர் பின்சுவரில் நாங்கள் மாட்டியிருந்த எக்ஸாஸ்ட் ஃபேனைக் காட்டினார்.

“நாத்தம் எந்தப் பக்கம் போவுதுன்னு பாக்கத்தான் நான் வந்தேன். சரக்கே இல்லாம எதப் பாத்து எழுதுறது? நாளையிலேர்ந்து எனக்கு வேற ஏரியா. இனிமே அடுத்த மாசந்தான் வருவேன்.”

ஜாபரின் முகத்தில் குவைத் தெரிந்தது. ஒரு டீ குடியுங்கள் சார், சரக்கு வந்துவிடும் என்று அவரை முக்குக் கடையில் உட்காரவைத்துவிட்டு, இரண்டு பேரும் கீழவீதிக்கு ஓடினோம்.

போன் இல்லாத காலம். வீதியில் வருவதெல்லாம் ஒரே மாதிரி லோடு ஆட்டோ. எங்களுடையது வருவதைக் காக்காய்கள் சொல்லின. தலைக்கு மேலே ஒரு கூட்டமே கூடவே பறந்து வந்தது. நாங்கள் கையை ஆட்டினோம், கத்தினோம். சலீம் எங்களைப் பார்த்தார், அர்த்தத்தோடு தலையாட்டினார், ஆக்சிலேட்டரை முறுக்கினார். பறந்துவிட்டார். யார் கைகாட்டினாலும் நிற்கக் கூடாதல்லவா. ஜாபர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினான். பூக்கடை, பாத்திரக்கடை, காலேஜ் பிள்ளைகளின் சைக்கிள்கள், எல்லாவற்றையும் தாண்டி, காக்காய்களுக்குக் கீழே, என் வியாபாரக் கூட்டாளி ஓடிக்கொண்டிருந்தான். ஆய்வாளர் டீ கிளாசோடு வெளியே வந்து நின்று அதைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது.

அடுத்த சுற்றில் ஜாபர் நடுரோட்டில் நின்றுவிட்டான். சலீம் பிரேக் அடித்து, “நிக்கக் கூடாதுன்னியளே மாப்ள,” என்றார், வருத்தமாக.

மூட்டைகளை இறக்கிப் பிரித்து அடுக்கினோம், ஃபேனைப் போட்டோம். ஆய்வாளர் வாசலில் நின்று மோந்தார், பின்னால் வாய்க்கால் ஓரமாகப் போய் நின்று மோந்தார். தன் ஊர் பெண்ணாடம் என்றும், கரும்பாலை ஓடும் நாட்களில் தங்கள் வீட்டுச் சோற்றில்கூட மொலாசஸ் வாசனை அடிக்கும் என்றும், ஆலை நின்ற நாளில் லீவுக்குப் போனால் அது இல்லாமல் தூக்கம் வராது என்றும் பேசிக்கொண்டே எழுதினார்.

“பின்னாலதான் போவுது. தெருவுக்கு வர்ல. நடத்துங்க.”

மாசம் முடிவதற்குள் லைசென்ஸ் வந்துவிட்டது. வாப்பா பஸ் ஏறி வந்தார். கடையைச் சுற்றிப் பார்த்தார், ஒரு சுறாத் துண்டை எடுத்து வளைத்துப் பார்த்தார். பிறகு கல்லாவுக்குப் பின்னால் கிடந்த ஸ்டூலை மகன் பக்கம் காலால் தள்ளிவிட்டு, “உக்காரு,” என்றார். ஜாபர் உட்கார்ந்தான். இன்றுவரை உட்கார்ந்திருக்கிறான்.

குவைத் வேலைக்கு அவனுடைய பெரியவாப்பா மகன் ரஃபி போனான். லீவில் வரும்போதெல்லாம் பெட்டியோடு நேராக எங்கள் கடைக்குத்தான் வருவான். வாசலில் நின்று கண்ணை மூடி ஒரு இழுப்பு. அப்புறந்தான் வீடு. போன வாரமும் வந்தான். இழுத்தான். முழித்தான். “கடைய மாத்திட்டீங்களாடா?” என்றான். இப்போது எல்லாம் காற்றை உறிஞ்சி ஒட்டிய பாக்கெட், ஃப்ளைட்டில் கொண்டுபோனால்கூட வாசனை தெரியாது. ஃபேன் எப்போது நின்றது என்பது எங்களுக்கே நினைவில்லை.

ஜாபர் எழுந்தான். ஒரு வாளைப் பாக்கெட்டைக் கத்தியால் கீறி அவன் முகத்துக்கு நேரே நீட்டினான். “ம், இழு.” ரஃபி இழுத்தான். நானும் இழுத்தேன். மூன்று கிழட்டுக் கழுதைகள் ஒரு பாக்கெட்டைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தோம்.

பக்கத்துச் செல்போன் கடைக்காரர் கர்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். புதிதாக வந்தவர், ஒரு வருஷமாக எங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார்.

“யாருண்ணே இந்தத் தெருவுக்குக் கருவாடு கொண்டாந்தது?”