அவன் வரமாட்டான்

சீவலப்பேரியிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போகும் டவுன் பஸ்ஸில் ஆறு வருடம் கண்டக்டராக இருந்தேன். காலை முதல் நடையில் ஏறுகிறவர்கள் எல்லாம் தெரிந்த முகங்கள். பாதிப் பேருக்கு எங்கே என்று கேட்காமலே மெஷினில் டிக்கெட் அடித்துவிடலாம். அவர்களில் ஒரு அண்ணனும் தம்பியும் உண்டு. இரண்டு பேருக்கும் கட்டடங்களில் சென்டரிங் வேலை. கல்யாணமான அண்ணன் பஸ் புறப்படும் இடத்திலேயே ஏறிவிடுவான். அம்மாவோடு இருந்த தம்பி நாலு நிறுத்தம் தள்ளி, வாய்க்கால் பாலத்தில் ஏறுவான். அண்ணன் ஏறியதுமே "ரெண்டு பாளை" என்று சொல்லி வாங்கிவிடுவான். தம்பி வந்ததும் ஒரு டிக்கெட்டை அவன் சட்டைப் பையில் செருகுவான். பேசிக்கொண்டு வந்து நான் பார்த்ததில்லை. தோள் உரச நிற்பார்கள், அவ்வளவுதான்.

ஒரு புதன்கிழமை அண்ணன் "ஒண்ணு பாளை" என்றான்.

"தம்பி எங்க?" என்று கேட்டேன்.

"அவன் வரமாட்டான், அண்ணாச்சி."

டிக்கெட்டை அடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனேன். வாய்க்கால் பாலத்தில் டிரைவர் பழக்கத்தில் வேகத்தைக் குறைத்தார். யாரும் நிற்கவில்லை. விசில் கொடுத்தேன், பஸ் போய்விட்டது.

மறுநாள் சாயங்காலம் வாய்க்காலில் ஆகாயத்தாமரையை அகற்ற வந்தவர்கள் தம்பியின் உடலைப் பார்த்தார்கள். பின்மண்டையில் அடி. செத்து ஒன்றரை நாளுக்கு மேல் இருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அப்படியென்றால் எங்கள் பஸ் பாலத்தில் வேகம் குறைத்தபோது, அவன் அதற்குக் கீழேதான் கிடந்திருக்கிறான்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வேறு பேச்சே இல்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுப் பாதை விஷயமாக அண்ணனும் தம்பியும் கைகலப்பு வரைக்கும் போனதாகவும், அண்ணனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டதாகவும் சொன்னார்கள். அன்றைக்கே மனசில் பட்டது, அவன் மூஞ்சியே சரியில்லை என்றார் டிரைவர். அவர் இருக்கையிலிருந்து பின்வாசலில் நிற்பவன் முகம் தெரியாது. தலையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது என்றார் பூ விற்கிற அம்மா. அவன் தினமும் ஆற்றில் குளித்துவிட்டு அப்படியே வருகிறவன். நானும் சும்மா இருக்கவில்லை. பாலம் வந்தபோது அவன் வெளியே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று சொன்னேன். அதைக் கேட்டதும் பஸ்ஸே அடங்கிவிட்டது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டு நாளில் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் மரியாதையாக உட்காரவைத்து டீ வாங்கித் தந்தார்.

"வரமாட்டான்னு எப்படிச் சொன்னான்? பயந்த மாதிரி இருந்துச்சா?"

"இல்ல சார். சாதாரணமாத்தான் சொன்னான்."

அவர், பக்கத்தில் வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்த ஏட்டுப் போலீஸ்காரரைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீரா? தம்பி தண்ணிக்குள்ள கெடக்கான். இவன் சாதாரணமா சொல்லுதான்."

அவனுக்கு அனுகூலமாக ஒன்றைச் சொன்னதாகத்தான் நான் நினைத்திருந்தேன். நடுங்கினான் என்று சொல்லியிருந்தால் பயம் என்று எழுதியிருப்பார்கள். அழுதான் என்றால் குற்ற உணர்ச்சி. நான் எதைச் சொல்லியிருந்தாலும் அது போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்.

பாலத்தில் அவன் திரும்பிப் பார்க்கவில்லை என்று பஸ்ஸில் சொன்னதை அங்கேயும் சொன்னேன். ஏட்டு எழுதியதை வாசித்தார். 'இனி அவன் வரமாட்டான் என்று எவ்விதச் சலனமும் இல்லாமல் கூறினார்.' இனி என்ற சொல் எனக்கு உறுத்தியது. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இன்ஸ்பெக்டருக்குப் போன் வந்தது, எழுந்துவிட்டார். நானும் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

வழக்கு வர ஒன்றரை வருடம் ஆனது. அதற்குள் எனக்கு ஒரு விபரீதம் நடந்தது. அந்தக் காலையை நினைத்தால் அவன் குரலிலேயே 'இனி' கேட்க ஆரம்பித்தது. சில நாள் தெளிவாகக் கேட்கும். சில நாள் அவன் உதடு மட்டும் அசையும். அவன் திரும்பாமல் நின்ற பிடரி கண்ணில் தெரியும்.

கோர்ட்டில் அவன் மெலிந்து போயிருந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுடைய வக்கீல் முதலில் கேட்டது இதைத்தான்: இனி என்று சொன்னாரா? அரசு வக்கீல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி பெஞ்சில் அவன் அம்மா இருந்தார். செத்தவனுக்கும் அவர்தான் அம்மா.

"இல்ல. அவன் வரமாட்டான்னு மட்டுந்தான் சொன்னான்" என்றேன். பாலத்தில் அவன் திரும்பிப் பார்த்தானா என்று அடுத்த கேள்வி. அப்போது நான் முன்வாசல் பக்கம் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன், அவனை நான் பார்க்கவே இல்லை என்றேன். நீதிபதி நிமிர்ந்து, பிறகு ஏன் போலீசில் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டார்.

"உடலை எடுத்த பெறகு, பார்த்த மாதிரியே இருந்துச்சு ஐயா."

அவன் தன் தரப்பில், சண்டையில் தம்பி 'நாளையிலிருந்து உன்கூட வேலைக்கு வரமாட்டேன்' என்று சொன்னதாகவும், அதைத்தான் என்னிடம் சொன்னதாகவும் சொல்லியிருந்தான். தம்பி அப்படிச் சொன்னதை வேறு யாரும் கேட்கவில்லை. ஆதாரம் போதாது என்று விடுதலை செய்தார்கள். அதன் பிறகு அந்தக் கொலைக்கு வேறு யாரையும் பிடிக்கவில்லை.

நாலைந்து மாதம் கழித்து ஒரு மத்தியான நடையில் அந்த அம்மா வாய்க்கால் பாலத்தில் ஏறினார். பஸ்ஸில் ஆளே இல்லை. பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "நீங்க என்ன நெனைக்கிய?" என்று கேட்டார். எதைப் பற்றி என்று நான் கேட்கவில்லை.

"தெரியலம்மா."

"எனக்கும் தெரியல. மருமவ அவ அம்மா வீட்டோட போயிட்டா. அவன் இப்பம் எங்கூடத்தான் இருக்கான். நாந்தான் சோறு பொங்கிப் போடுதேன்." டிக்கெட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு, "அவன் சாப்பிடும்போது பார்த்துக்கிட்டே இருப்பேன். என்னம்மா பாக்கன்னு கேப்பான். ஒண்ணுமில்லலேன்னு சொல்லுவேன்" என்றார்.

பாளையில் இறங்கிப் போய்விட்டார். அடுத்த வாரம் வேறு தடம் கேட்டு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் முதுகுவலி என்று எழுதினேன்.