கோணவிரல் டீச்சரின் திங்கட்கிழமைத் தாள்

பாலர் வகுப்பு டீச்சருக்கு வலது ஆள்காட்டி விரல் கோணல். அவளுக்கு ஐந்து வயதிருக்கும்போது, ஒரு எழுத்தைத் திருப்பிப் போட்டுவிட்டாள் என்று அவளுடைய அப்பா அந்த விரலைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினார். "இனிமே மறக்காதுல்ல?" என்று வேறு கேட்டார். எலும்பு கோணலாகவே கூடியது. அந்த மனுஷனுக்கு வெளியில் ரொம்ப நல்லவர் என்று பெயர். கேட்டால் வயிறு எரிகிறது.

இருபத்திரண்டு வருஷமாக அந்த விரலால்தான் அவள் பலகையில் எழுத்துகளைச் சுட்டிக்காட்டுகிறாள். அதைப் பார்த்துப் பார்த்து, வாசிப்பதென்றால் விரலை வளைத்துத்தான் வைக்க வேண்டும் என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிட்டன. முப்பது வாண்டுகளும் விரலைக் கொக்கியாக்கிக்கொண்டு எழுத்து எழுத்தாக நகர்வார்கள். 'கோணவிரல் டீச்சர்' என்று பள்ளியே கூப்பிடும். அவளும் ஏன் என்று கேட்க மாட்டாள். ஆனால் அப்பாவின் கோபம் அவள் உடம்பிலும் ஓடியது. கை பரபரக்கிற நாளில் மூலைக்குப் போய்ப் பென்சில் சீவுவாள். அடங்காத பிள்ளைகள் இருந்த வருஷங்களில் பென்சில்கள் ஊசியாக இருந்தன.

திங்கட்கிழமைதோறும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு படம் வரைந்து, அதைப் பற்றி ஒரு வரி சொல்ல வேண்டும். டீச்சர் அந்த வரியைப் புள்ளி புள்ளியாக எழுதித் தருவாள். பிள்ளை அதன்மேல் எழுதிப் பழகி, வீட்டில் யாருக்காவது வாசித்துக் காட்ட வேண்டும். சொன்னதில் ஒரு எழுத்தும் மாற்றக் கூடாது என்பது சட்டம். பெற்றோர் கூட்டத்திலும் அதைச் சொல்லிச் சொல்லிக் காதைக் குடைவாள். அதற்குக் காரணம் உண்டு. வேலைக்கு வந்த புதிதில் ஒரு பிள்ளை, "அம்மா தரையில கெடக்கு, எந்திரிக்கல" என்றது. இவள் அதை 'அம்மா தூங்குகிறார்' என்று அழகாக்கி எழுதினாள். புருஷன் அடித்த அடியில் அந்த வாரமே அந்த அம்மா செத்துப்போனாள். அந்தத் தாள் இன்னும் டீச்சரின் அலமாரியில் இருக்கிறது.

இந்த வருஷம் மெக்கானிக்கின் மகள் வந்து சேர்ந்தாள். முன்பல் இரண்டும் விழுந்த பொடிசு. வகுப்பில் சுண்டெலி என்று பெயர். ஒரு திங்கட்கிழமை அவள் ஒரு சுவரும் ஒரு பெரிய கையும் வரைந்தாள்.

"அப்பா அம்மா தலையச் சுவத்துல மோதுனாரு."

டீச்சர் அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். சொன்னபடியே எழுதினாள். தலைமையாசிரியை, "குடும்ப விஷயம், நமக்கெதுக்கு வம்பு?" என்றாள். போலீசுக்குப் போன் செய்தால், "அந்தம்மா வந்து சொல்லட்டும்" என்றார்கள். இந்த அலைச்சலில் ஒன்றை டீச்சர் கோட்டைவிட்டாள். இந்த வரியை வீட்டில் வாசிக்காதே என்று பிள்ளையிடம் சொல்லவில்லை. சுண்டெலி சமர்த்தாக அப்பாவுக்கே வாசித்துக் காட்டியது.

மறுநாள் காலை மெக்கானிக் ஸ்பேனரோடு வகுப்புக்குள் நுழைந்தான். ஒரு கையில் மகள் இழுபட்டு வந்தாள். பின்னால் உதடு கிழிந்த அவன் மனைவி. முதல் அடியில் அலமாரிக் கண்ணாடி நொறுங்கியது. நாற்காலிகள் பறந்தன. சுவரிலிருந்த படங்களைக் கொத்தாகப் பிய்த்தான். பிள்ளைகள் மேஜைக்கடியில் ஒண்டிக்கொண்டு அலறின.

"சொல்லிக்குடுத்தவ நீதான?" என்று டீச்சரின் கையைப் பிடித்து, அந்தக் கோணல் விரலையே பின்னுக்கு வளைத்தான். படக்கென்று முறிந்தது. அவளுக்கு ஐந்து வயது திரும்பிவிட்டது. ஆனால் இந்த முறை இடது கைக்குப் பென்சில் எட்டியது. அவன் முன்கையில் பாதிப் பென்சில் இறங்கும்வரை குத்தினாள். குத்தியபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை அவள் மறைத்ததில்லை. அவன் கத்திக்கொண்டு மண்டியிட, காவலாளியும் வேன் டிரைவரும் மேலே விழுந்து அமுக்கினார்கள்.

தலைமையாசிரியையின் அறையில் இன்ஸ்பெக்டர் சுண்டெலியின் திங்கட்கிழமைத் தாளைப் புரட்டினார்.

"புள்ளி வச்சது நீங்கதானே, டீச்சர்?"

"ஆமா சார். வார்த்தை அவளோடது."

"எல்லாம் இவ கட்டுன கதை சார்," என்றான் மெக்கானிக், ரத்தம் வழியும் கையைப் பிடித்துக்கொண்டு.

இன்ஸ்பெக்டர் அவன் மனைவியைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா."

"ஒண்ணும் இல்ல சார். வழுக்கி விழுந்துட்டேன்."

டீச்சருக்கு உலகமே வெறுத்துப்போனது. வகுப்பில் உடைத்ததற்கு அவனை எத்தனை நாள் உள்ளே வைப்பார்கள்? வெளியே வந்ததும் இந்த இரண்டு உயிரும் அவன் கையில்தான்.

சுண்டெலி யாரையும் கேட்கவில்லை. மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து, தாளின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தாள். இந்த முறை புள்ளி கிடையாது. நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. ஒரு எழுத்து திரும்பி நின்றது. டீச்சர் பார்த்தாள், திருத்தவில்லை. பிள்ளை விரலைக் கொக்கியாக வளைத்து, எழுத்துக்கு எழுத்து நகர்த்தி வாசித்தாள்.

"நேத்தும் அடிச்சாரு."

அந்த அம்மா மகளின் வளைந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புருஷனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள்.

"சார், என் பேர்லயும் அதையே எழுதிக்குங்க," என்றாள். "ஒரு எழுத்தும் மாத்தாதீங்க."