ஊசியை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை

என் மகளுக்கு நிலக்கடலை ஆகாது. அரிப்பு, தடிப்போடு போகிற ஆகாமை இல்லை. தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஒரு பிறந்தநாள் விருந்தில் அது தெரியவந்தது. ஈப்போ மருத்துவமனையில் பேனா மாதிரி ஓர் ஊசி கொடுத்தார்கள். உடுப்பின் மேலேயே தொடையில் அழுத்திப் பிடித்தால் மருந்து இறங்கிவிடும். எங்கே போனாலும் அது அவள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

பள்ளியில் அதற்கு இடமில்லை.

"நாங்க டாக்டரா, அண்ணே?" என்றார் தலைமையாசிரியை. "குத்தப் போயி ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"அப்ப பிள்ளை பையிலயே இருக்கட்டும், டீச்சர்."

"பிள்ளைங்க கையில ஊசியா? கூடாதுலா."

ரப்பர் தோட்டம் இருந்த காலத்தில் நானும் அந்தப் பள்ளியில்தான் படித்தேன். தோட்டம் போய் வீடுகள் வந்துவிட்டன. ஆனாலும் அந்த அறைக்குள் நுழைந்தால் எனக்கு இன்னும் பேச வாய் வராது. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலைக்கு மாற்றிக்கொண்டேன். என் மனைவிக்குப் பகல் வேலை. காலையில் நேராகப் பள்ளிக்கு வந்து, ஊசி வைத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நடைபாதை பெஞ்சில் பள்ளி விடும்வரை உட்கார்ந்திருப்பேன். பிள்ளைகளை இறக்கிவிட வருகிறவர்கள் சும்மா போக மாட்டார்கள்.

"என்ன மச்சான், மறுபடி ஒண்ணாம் ஆண்டுல சேர்ந்துட்டியா?"

சிரித்துவைப்பேன்.

கொஞ்ச நாளில் ஆசிரியர்களுக்கு நான் பழகிப்போனேன். நாற்காலி தூக்க, குழாய் பார்க்க, அலமாரி நகர்த்த, எல்லாவற்றுக்கும் "அண்ணே, கொஞ்சம் வாங்க". வாசலில் காவல் இருக்கிற, சம்பளம் இல்லாத ஜாகா என்று ஒருவர் சொல்ல மற்றவர்கள் சிரித்தது என் காதில் விழுந்தது. மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவனைச் சுற்றி வேலை தானாக வளரும்.

அவள் நான்காம் ஆண்டுக்கு வந்திருந்தாள். சரஸ்வதி பூஜை அன்று விருந்தினர்களுக்குச் சாப்பாடு ஏற்பாடாகியிருந்தது. பூஜைக்குப் பொறுப்பான ஆசிரியை வேகமாக வந்தார்.

"அண்ணே, வாழை இலை பத்தாதுலா. குனோங் ராபாட் கடையில எடுத்து வச்சிருக்காங்க. மோட்டார்ல ஒரு எட்டு போய்ட்டு வந்துருங்க."

"பிள்ளை இருக்கா, டீச்சர்..."

"நாங்க இத்தன பேரு இருக்கோம்லா. எங்க போயிரப் போறா?"

போனேன். பை என் தோளிலேயே இருந்தது. அதைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றால் வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை என்று முன்பே சொல்லிவிட்டார்களே.

அவல், பொரி, வெல்லம், வறுத்த நிலக்கடலை கலந்த பிரசாதம். அதே ஆசிரியைதான் வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். எனக்குக் கடலை ஆகாது டீச்சர் என்று மகள் கையை இழுத்துக்கொண்டாளாம்.

"பிரசாதத்த வேணாம்னு சொல்லக்கூடாதும்மா. சாமிக்கு வச்சது ஒண்ணும் செய்யாது. கொஞ்சமா வாயில போடு."

போடும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த பிள்ளைக்குப் போனாராம். இதையெல்லாம் மகள் பிறகு சொல்லித்தான் தெரியும்.

கைப்பேசி அடித்தது மோட்டார் சைக்கிள் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. இலைக்கட்டோடு பள்ளிக்குள் நுழைந்தபோது மண்டப வாசலில் கூட்டம். மகள் பாயில் கிடந்தாள். உதடும் கண்ணும் வீங்கி முகமே மாறியிருந்தது. மூச்சு விசில் போல வந்தது. ஒருவர் நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் புதிதாகத் திருநீறு. இலைக்கட்டைப் போட்டுவிட்டு ஊசியை எடுத்து அவள் தொடையில் அழுத்தினேன். சுற்றி நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிறகு ஓர் ஆசிரியரின் காரில் மருத்துவமனைக்கு ஓடினோம். பிழைத்தாள்.

அவள் தேறிப் பள்ளிக்குத் திரும்பிய அன்று தலைமையாசிரியை என்னை அறைக்குக் கூப்பிட்டார். பூஜை ஆசிரியையும் இன்னும் சிலரும் அங்கே இருந்தார்கள்.

"உங்கள நம்பித்தானே இருந்தோம், அண்ணே. அந்த நேரம் பார்த்து எங்க போனீங்க?"

பூஜை ஆசிரியை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இலை எடுக்கப் போனேன், டீச்சர்."

பூஜை ஆசிரியை கைப்பேசியிலிருந்து தலை நிமிராமல் சொன்னார்: "சாமிதான் காப்பாத்திருச்சு."

புது ஊசியோடு, பழகிப் பார்க்க ஊசிமுனையும் மருந்தும் இல்லாத பேனா ஒன்றும் மருத்துவமனையில் கொடுத்திருந்தார்கள். அதை மேசைமேல் வைத்தேன்.

"யாராச்சும் ஒருத்தர் பழகிக்கிட்டா போதும். ஒரு நிமிஷ வேலை."

ஒரு கையும் நீளவில்லை. மேலிடத்தில் பயிற்சி ஏற்பாடு செய்தால் பார்க்கலாம் என்றார் தலைமையாசிரியை. பேனாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பழகிக்கொண்டது என் மகள்தான். வீட்டில் தரையில் உட்கார்ந்து, தன் தொடையில் தானே அழுத்தி, நான் சொல்லிக்கொடுத்தபடி வாய்விட்டு எண்ணினாள். பத்து வயது. பெரியவர்கள் அத்தனை பேருக்கு ஆகாத வேலை.

"நான் மயங்கிட்டா யாருப்பா குத்துவா?"

"அப்பா இருக்கேன்ல."

"அன்னைக்கு இல்லியே."

குற்றமாகச் சொல்லவில்லை. கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டாள்.

இப்போதும் அந்த பெஞ்சில்தான் உட்காருகிறேன். யார் கூப்பிட்டாலும் எழுந்திருப்பதில்லை. ஊசிக்காரருக்குத் திமிர் வந்துவிட்டது என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும். என் மகள் மூச்சு விடுகிறாளா என்று பார்க்க அந்தப் பள்ளியில் வேறு ஆள் இல்லை.